சுண்ணக்கட்டி நனைந்த இடம்

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் கிணறு.
இரும்பு நாடாவின் நுனியில் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து
குழாய்க்குள் இறக்குவேன்.
ஆழத்தில் நீர் எங்கே தொடங்குகிறதோ
அங்கே நீலம் கருக்கும்.
இழுத்து, காய்வதற்குள் படித்துவிட வேண்டும்.

ஐந்தாம் வரிசைச் சாலையில் இருபத்திரண்டு வீடு.
பத்தொன்பது வீட்டார் மூடியைத் திறந்து விடுவார்கள்.
ஹென்ட்ரிக்கா ஸ்வார்ட் காப்பி தருவாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் என்பதால்
மகனின் கணக்கு மதிப்பெண்ணையும் என்னிடம்தான் கேட்பாள்.
எனக்கு எப்படித் தெரியும்?

கல்குவாரிக்காரர்கள் வந்தது ஒரு மார்ச் மாதம்.
டொரண்டோவின் சாலைகளுக்குக் கல் வேண்டும்.
(நான் ஓட்டும் சாலையும் கல்தான். மறக்கவில்லை.)
நீர்மட்டத்துக்குக் கீழே பதினெட்டு மீட்டர் தோண்டுவோம்,
நாற்பது வருடம் போனால் அது ஏரி,
நீங்கள் படகு விடலாம் என்றார்கள்.
மாட்டியிருந்த படத்தில் படகும் இருந்தது.
சிவப்புப் படகு.
அதில் உட்கார்ந்திருந்த இருவருக்கும்
முகம் வரையவில்லை.

ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?
நிலத்தடியிலிருந்து.
யாருடைய நிலத்தடி?
நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார்கள்.

ஜனவரியில் வந்து பாருங்கள்.
வயலும் வேலியும் ஒரே வெள்ளையாய் இறுகிக் கிடக்கும்போது
மெக்கெக்னி வளைவில் மட்டும் ஓடை உறையாது.
சுண்ணாம்புப் பாறை கசியவிடும் நீர்
கோடையிலும் எட்டு டிகிரி, இப்போதும் எட்டு டிகிரி.
அதன் சரளைக்குள் ட்ரவுட் முட்டைகள்,
மிளகளவு, ஆரஞ்சு நிறம்.
நவம்பரில் நாற்பத்தொரு குழிகள் எண்ணினோம்.
நாற்பத்திரண்டு என்று ஹென்ட்ரிக்கா இன்னும் சண்டை போடுகிறாள்.

அந்த வளைவின் சொந்தக்காரர் லோர்ன் மெக்கெக்னி
நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டார்.
தபால் நிலையத்தில் அவர் நுழைந்தால்
நாங்கள் பில்களைப் படிக்கத் தொடங்குவோம்.
ஒரு இரவு யாரோ அவர் அஞ்சல் பெட்டியை
மட்டையால் அடித்து நசுக்கினார்கள்.
யாரென்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

விசாரணையின் நான்காம் நாள்.
அவர்களுடைய நிபுணர் என் நோட்டுப் புத்தகத்தை
இரண்டு விரலால் புரட்டினார்.
சுண்ணக்கட்டி ஒரு கருவியல்ல.
பேருந்து ஓட்டுநர் நீரியலாளர் அல்ல.
சோதனைப் பம்பு ஓடிய மூன்று நாளும்
சுற்றுக் கிணறுகளில் மாற்றம் ஏதுமில்லை.

கதவு திறந்தது. லோர்ன்.
கையில் சணல் கட்டிய பழைய காலண்டர்கள்,
விதைக் கம்பெனி இலவசமாய்த் தருபவை,
இருபத்தாறு வருடம்.
ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும்
தொழுவக் கிணற்றின் அளவு, அடிக்கணக்கில்.
சோதனைப் பம்பு ஓடிய செப்டம்பரைப் பிரித்து வைத்தார்.
முதல் நாள் ஒன்றரை அடி இறக்கம்.
மூன்றாம் நாள் நான்கு.
ஓரத்தில், பென்சிலில்:
மாடுகள் கத்தின.

ஏன் விற்றீர்கள்?
கடன்.
பிறகு இதை ஏன் கொண்டுவந்தீர்கள்?
இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே.

அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.
நானும் என் காலணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு இல்லை. புதிய ஆய்வு வரட்டும்,
அடுத்த இலையுதிர் காலத்தில் கூடுவோம் என்று
விளக்குகளை அணைத்தார்கள்.

இன்று முதல் ஞாயிறு. இருபதாவது கிணறு.
நசுங்கிய பெட்டி இன்னும் கம்பத்தில் தொங்குகிறது.
மூடியை முன்னமே திறந்து வைத்து
லோர்ன் பக்கத்தில் நிற்கிறார்,
அளந்து முடித்தவர் போல.
அதைப் பற்றி நான் பேச வாயெடுக்கும்போது
முதலில் நாடாவை இறக்கு என்கிறார்.
இறக்குகிறேன்.
குழாய்ச் சுவரில் உரசும் சத்தம், நெடுநேரம்.
இழுத்ததும் இருவரும் குனிகிறோம்.
படித்துச் சொல்லு,
என் கண்ணாடி உள்ளே இருக்கிறது.